கல் இல்லாத மகிழமரம்

ஜனவரி 6, செவ்வாய்

ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம்கூட இல்லை. இந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு புது வேலை. முதல்வர் ரூபி ஜெயசீலி காலையிலேயே ஆள் அனுப்பிவிட்டாள். என்னிடம் படித்தவள். அவள் குழைந்து "மிஸ்" என்று ஆரம்பித்தால் எதையோ என் தலையில் கட்டப்போகிறாள் என்று அர்த்தம்.

"மிஸ், நூற்றாண்டு விழாவுக்குள்ள முற்றத்தச் சரி பண்ணணும். அங்க இருக்கிற மரத்தப் பத்தி உங்கள விட்டா யாருக்குத் தெரியும்?"

தாவரவியல் துறையில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்திருந்தால் இப்படித்தான். முற்றம் என்றால் எங்கள் கல்லூரியின் நடு முற்றம். நான்கு பக்கமும் இரண்டு மாடிக் கட்டடம், நடுவில் புல்வெளி, புல்லைச் சுற்றி எட்டு மரம். ஓய்வு பெறுகிற முதல்வர் ஒவ்வொருவரும் இங்கே ஒரு மரம் நட்டுவிட்டுப் போவது 1990 வரை வழக்கமாக இருந்தது. மரத்தடியில் பெயரும் ஆண்டும் வெட்டிய கருங்கல் இருக்கும். வருடா வருடம் நிறுவனர் நாளில் மூத்த ஆசிரியர் ஒவ்வொரு கல்லாகப் போய்ப் பெயரை வாசிக்க வேண்டும், தோட்டக்காரர் அந்த மரத்துக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எட்டு மரம், ஏழு கல்.

சென்னையிலிருந்து நிவேதன் என்று ஒரு கட்டடக் கலைஞர் வந்திருக்கிறார். அலுவலகத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் 1926ஆம் வருட வரைபடத்தின்படி முற்றத்தை மாற்றப்போகிறாராம். சரித்திரம் உள்ள மரம் இருக்கும், மற்றது போகும். மரம், நட்டவர், ஆண்டு என்று மூன்று பத்தி போட்டு நான் பட்டியல் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாத முடிவுக்குள்.

ஜனவரி 8, வியாழன்

நிவேதனோடு முற்றத்தைச் சுற்றினேன். அளவு நாடாவை நானே பிடித்தேன். மார்பளவு உயரத்தில் வேம்பின் சுற்றளவு இரண்டே முக்கால் மீட்டர், அதன் பக்கத்து மகிழம் ஒன்றரைகூட இல்லை.

தம்பி மரியாதையாகத்தான் பேசுகிறார். "மேம், ஒரிஜினல் பிளான்ல லான் ஒரே ஓவல். உள்ள எதுவுமே கிடையாது. மாடி வராந்தாவுல நின்னு பாத்தா கண்ணுக்கு ஒரு தடையும் இருக்கக் கூடாது. இந்த ஒரு மரம்தான் கோட்டுக்கு உள்ள வந்து நிக்குது" என்று மகிழத்தைக் காட்டினார். "இதுக்குக் கல் எங்க மேம்?"

"அதுக்குக் கல் இல்லை" என்றேன்.

"அப்போ பிரச்சினை இல்ல" என்று வரைபடத்தில் அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டுவிட்டார். என்ன வேகம்!

வேம்புக்குக் கல் இருக்கிறது. மிஸ் அன்னபாக்கியம், 1951. எங்கள் கல்லூரியின் முதல் தமிழ் முதல்வர். அதற்கு முன்னால் எல்லாம் வெள்ளைக்காரிகள்.

ஜனவரி 9, வெள்ளி

தலைவலி. விடைத்தாள் நாற்பது திருத்தினேன்.

ஜனவரி 13, செவ்வாய்

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள். வகுப்பில் பாதிப் பெண்கள் இல்லை, மீதிப் பேர் மனத்தளவில் இல்லை.

நூற்றாண்டுச் சின்னம் அச்சாகி வந்திருக்கிறது. வட்டத்துக்குள் ஒரு வேப்பிலைக் கொத்து. விழா மலரில் வரப்போகிற என் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் ரூபிக்கு அந்த யோசனை வந்ததாம். "முதல் தமிழ் முதல்வர் நட்ட வேம்பு" என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்! கல்லூரி மலரில் ஐந்து முறை, வானொலியில் ஒரு முறை.

முற்றத்தைக் கடக்கும்போது பேச்சியம்மாள் புல்வெட்டும் மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள். தோட்ட வேலை இப்போது அவளுடையது. இருபத்தைந்து வருடமாக இங்கே இருக்கிறாள்.

"டீச்சர், மகிழத்த வெட்டப் போறாவளாமே?"

"யாரு சொன்னா?"

"அளவெடுக்க வந்த தம்பிதான் சொன்னாவ. கல்லு இல்லாத மரம்னு நீங்க சொன்னியளாம்லா."

கல் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயம். அதை நான் வேறு சொல்ல வேண்டுமா? "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள் அங்கேயே நின்றாள்.

ஒன்று குறித்து வைக்க வேண்டும். வருடா வருடம் நிறுவனர் நாளன்று, எல்லாரும் கலைந்த பிறகு, அந்த மகிழத்தடியும் நனைந்திருக்கும். யார் ஊற்றுகிறார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

ஜனவரி 17, சனி

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். மெக்கானிக் வந்து கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனவர் போனவர்தான். வாளியில் பிடித்துக் குளித்தேன். அலமாரியைத் துடைத்து அடுக்கினேன். 1985இலிருந்து எழுதிய டைரிகள் வரிசையாக நிற்கின்றன. 1992, 1993 இரண்டும் இருக்கும் இடம் தெரியும். எடுத்துப் பார்க்க இப்போது அவசியம் ஒன்றும் இல்லை.

ஜனவரி 21, புதன்

மகிழத்தைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தேன். மரம் வெட்டுவது எந்தத் தாவரவியல்காரிக்கும் பிடிக்காது, அதனால்தான். நிவேதனிடம் நிழலைப் பற்றிச் சொன்னேன். நான்கு பக்கமும் சுவர் இருக்கிற முற்றத்தில் மத்தியானம் சூடு உள்ளேயே நிற்கும், மரம் வேண்டும் என்றேன். ஏழு மரம் இருக்கிறதே என்றார். குக்குறுவான் பறவை கூடு வைத்திருக்கிறது என்றேன். வேம்புக்குப் போய்விடும் என்றார். மகிழம்பூ வாசம் பற்றிச் சொன்னேன்.

"மேம், அதோட நிழல்ல புல்லு வளராது. லான்ல வழுக்கை விழுந்த மாதிரி ஆயிடும். அதுக்கு ஏதாவது ஹிஸ்டரி இருந்தா சொல்லுங்க, பிளானையே மாத்தறேன்."

அதைத் தவிர எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது.

ஜனவரி 24, சனி

எடுத்துப் பார்த்தேன்.

1992. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். பல்கலைக்கழகத் தங்கப்பதக்கம் என்ற திமிர் வேறு. முற்றத்தில் அருகம்புல்லைக் களைந்து கொரியன் புல் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மண்ணைக் கொத்திச் சமன்படுத்துவதற்காக ஏழு கல்லையும் பெயர்த்து ஆய்வகத்து வராந்தாவில் அடுக்கினோம். எந்தக் கல் எந்த மரத்துக்கு என்று தோட்டக்காரர் சுடலைமுத்துவுக்கு மனப்பாடம். அவர் இருக்கிறாரே என்று நான் எதையும் எழுதி வைக்கவில்லை.

நவம்பரில் தாமிரபரணி வெள்ளம். அவர் வீடு ஆற்றங்கரையில். வீடே போயிற்று, ஜனவரி வரை அவர் வேலைக்கு வரவில்லை. ஆறு கல்லை வெள்ளத்துக்கு முன்பே நட்டுவிட்டார், ஒன்று மிச்சம். அது மிஸ் அன்னபாக்கியத்தின் கல். ஸ்டோர் ரூமுக்குள் மழை இறங்கிப் பழைய பதிவேடெல்லாம் கூழாகிக் கிடந்தது. அந்த வருட முதல்வர் வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர், என்னிடமே கேட்டார். கல் இல்லாமல் நின்றவை இரண்டே மரம். வேம்பு, மகிழம். நான் போய்ப் பார்த்தேன். வேம்பு பருமன், மகிழம் ஒல்லி. பருத்தது மூத்தது என்று கல்லை வேம்பின் அடியில் வைக்கச் சொன்னேன்.

முதல் வருடப் பெண்ணைக் கேட்டாலே தெரியும், வேம்பு குதித்து வளரும், மகிழம் ஊர்ந்து வளரும். போதாததற்கு மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் நேராக வேம்பின் வேருக்குத்தான் வருகிறது. தங்கப்பதக்கக்காரி அதைப் பார்க்கவில்லை.

தப்புதான். யாருக்கும் வரக்கூடிய தப்பு.

ஜனவரி 28, புதன்

பேச்சியம்மாள் சுடலைமுத்துவின் மகள். இதை இத்தனை பக்கம் எழுதாமல் வந்திருக்கிறேன்.

இன்று மதியம் வேம்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் எழுந்திருக்கப் பார்த்தாள், உட்காரச் சொன்னேன். அவளே ஆரம்பித்தாள்.

"டீச்சர், அந்த மகிழந்தான் அன்னபாக்கியம் அம்மா வச்சதுன்னு எங்கப்பா சாவுற வரைக்கும் சொன்னாவ. யாரும் கேக்கல. அந்த வருசம் நிறுவனர் நாளுக்கு என்ன செஞ்சாவன்னு தெரியும்லா?"

தெரியும். 1993 பிப்ரவரி. பிஷப், கலெக்டர், எல்லாரும் நிற்கிறார்கள். மிஸ் அன்னபாக்கியத்தின் பெயர் வாசிக்கப்பட்டது. சுடலைமுத்து செம்போடு வேம்பைத் தாண்டி நடந்து போய் மகிழத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். மாடியில் பெண்கள் சிரித்தார்கள். முதல்வருக்கு முகம் சிவந்துவிட்டது.

"மறுநாளே விடுதி கேட்டுக்கு மாத்திட்டாவ. ஒவ்வொரு மரமா கைய வச்சு வளத்த மனுசன் டீச்சர். எட்டு வருசம் ஸ்டூல்ல உக்காந்து கேட்டத் திறந்து மூடிக்கிட்டு இருந்தாவ. முற்றத்துக்குள்ள வரவே இல்ல. வேலை எனக்கு வந்தப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாவ, அதுக்கும் ஒரு செம்பு ஊத்திருன்னு."

அவள் டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள்.

அந்த நாளுக்கு என் டைரியில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து பார்த்தேன். "நிறுவனர் நாள். வெயில் அதிகம்."

ஜனவரி 30, வெள்ளி

பட்டியலைக் கொடுத்துவிட்டேன். மகிழத்துக்கு நேரே நட்டவர், ஆண்டு இரண்டையும் வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன். பொய் என்று எதையும் எழுதவில்லை. வேம்புக்கு நேரே எழுதியதைத் தவிர.

செவ்வாய்க்கிழமை காலை வெட்டுகிறார்களாம்.

பிப்ரவரி 2, திங்கள்

யாருக்கும் வரக்கூடிய தப்பு என்று 24ஆம் தேதி எழுதியிருக்கிறேன். படிக்கவே வெட்கமாக இருக்கிறது. கல்லை மாற்றி வைத்தது அப்படிப்பட்ட தப்புதான். அதற்கு அப்புறம் நான் செய்தது அப்படி இல்லை.

1993 டைரியின் நடுவே ஒரு காகிதம் இருக்கிறது. கோடு போட்ட நோட்டுத் தாள். சுடலைமுத்து ஜனவரியில் வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள், முதல்வரிடம் சேர்க்கச் சொல்லி என் கையில் கொடுத்தது. அப்படியே எழுதுகிறேன்:

"முதல்வர் அம்மா அவர்களுக்கு தோட்ட வேலை சுடலைமுத்து எழுதுவது. அன்னபாக்கியம் அம்மா கல்லு வேப்ப மரத்துக்கிட்ட இருக்கு. மாறி இருக்கு. அம்மா வச்சது மகிழம். குழி வெட்டுனது எங்க அப்பா. நான் அப்ப நாலாங் கிளாசு. வாளியில் தண்ணி கொண்டாந்தேன். வேப்ப மரம் யாரும் வைக்கல. காக்கா போட்டது. யார் மேலயும் குத்தம் சொல்லல. கல்லை மட்டும் எடுத்து வைக்க உத்தரவு வேணும்."

படித்த உடனேயே அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஏப்ரலில் என் வேலை நிரந்தரமாக வேண்டும். கல் வேம்புக்கு உரியது என்று எழுத்தில் அறிக்கை கொடுத்தாயிற்று. புதிதாக வந்த முதல்வரிடம் போய், பருத்ததைப் பார்த்து மூத்தது என்றேன் என்று எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று மடித்து வைத்தேன். நிறுவனர் நாள் வந்துவிட்டது. முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "இந்த ஆள் சொல்வதில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். "இல்லை, அவருக்கு வயதாகிவிட்டது" என்றேன். அவருக்கு ஐம்பத்திரண்டு. இன்றைய என்னைவிட இளையவர்.

நான் பொல்லாதவள். இதை எழுத முப்பத்துமூன்று வருடம் ஆகியிருக்கிறது.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஏழரைக்குப் போய்விட்டேன். ஆட்கள் மகிழத்தின் உச்சிக் கிளையில் கயிறு கட்டிவிட்டார்கள். ஒருவர் ஏறிக் கீழ்க் கிளை இரண்டைக் கழித்தும்விட்டார். பேச்சியம்மாள் அந்தப் பக்கமே இல்லை, லீவு சொல்லிவிட்டாள். மரத்தடியில் போய் நின்றுகொண்டு, முதல்வர் வரும்வரை யாரும் கை வைக்கக்கூடாது என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. மேலே இருந்தவர், "அம்மா தள்ளி நில்லுங்க, மேல விழுந்துரும்" என்றார். விழட்டும் என்று நின்றேன்.

ரூபி வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தையும் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"மிஸ், அன்னைக்கு நான் மாடியில நின்னேன். செகண்ட் இயர். எல்லாரோடயும் சேந்து நானும் சிரிச்சேன்" என்றாள். காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள். பிறகு முதல்வர் ஆகிவிட்டாள். "சரி மிஸ். வெட்ட வேண்டாம். கல்ல லீவு நாள்ல அமைதியா மாத்திருவோம். வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம். ரிட்டயர் ஆகிற நேரத்துல உங்களுக்கு எதுக்கு இது?"

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேராகக் கல்லூரி. பேச்சியம்மாளும் நானும் மட்டும். கடப்பாரையால் நெம்பிக் கல்லை எடுத்தாள். நான் ஒரு ஓரத்தைப் பிடித்தேன், நகம் பெயர்ந்தது. மகிழத்தடியில் குழி வெட்டிக் கல்லை இறக்கினோம்.

"எப்படி டீச்சர் இப்பம் கண்டுபிடிச்சாவ?"

"பழைய காகிதம் ஒண்ணு கிடைச்சுது" என்றேன்.

"ஓ" என்று மண்ணைத் தள்ளி மிதித்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

நிவேதனுக்கு ஓவல் கெட்டுப்போன வருத்தம். மகிழத்தைச் சுற்றிப் புல்லை உள்வாங்கி, அந்த இடத்தில் செம்மண் வட்டம் விடுவதாகப் புது வரைபடம் அனுப்பியிருக்கிறார். அப்படியானால் சரித்திரம் இல்லாத வேம்பை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார். சின்னத்தில் வேப்பிலை போட்டு ஆயிரம் பை அச்சடித்தாயிற்று, வேம்பின் மேல் கை வைக்கக்கூடாது என்று ரூபி சொல்லிவிட்டாள். காக்கை போட்ட மரத்துக்கு அடித்தது யோகம்.

பிப்ரவரி 20, வெள்ளி

புல் பத்தைகள் லாரியில் வந்து இறங்கின. பேச்சியம்மாள் ஆறு பெண்களை வைத்துக்கொண்டு இரண்டு நாளில் பதித்துவிட்டாள். மாடியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. மகிழம் நிற்கும் இடத்தில் மட்டும் யாரோ ஒரு வாய் கடித்த மாதிரி.

நூற்றாண்டு நாளில் பெயர் வாசிக்கப்போவது நான். மூத்த ஆசிரியர் நான்தானே. கல் இடம் மாறியதை யாராவது கேட்டால், பழைய ஆவணப்படி சரிசெய்தோம் என்று சொல்ல வேண்டுமாம். ரூபி தாளில் எழுதியே கொடுத்துவிட்டாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

முற்றம் நிறைய ஆட்கள். நான்கு பக்க வராந்தாவிலும், மாடியிலும் பெண்கள். பேச்சியம்மாள் புதுச் சேலையில், கையில் செம்பு. ஒவ்வொரு கல்லாக வந்தோம். நான் பெயர் வாசிக்க, அவள் ஊற்றினாள். நான்காவதாக மகிழம்.

ரூபி கொடுத்த தாள் கையில் இருந்தது. வாசிக்கவில்லை. என்ன சொன்னேனோ அதை ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

"மிஸ் அன்னபாக்கியம், 1951. குழி வெட்டியவர் அன்றைய தோட்டக்காரர். தண்ணீர் கொண்டுவந்தவர் அவர் மகன் சுடலைமுத்து. இந்தக் கல் முப்பத்துமூன்று வருடம் அந்த வேம்படியில் இருந்தது. தப்பாக வைத்தவள் நான். தப்பு என்று சுடலைமுத்து எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை நான் படித்துவிட்டு யாரிடமும் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். இதே இடத்தில் அவர் தண்ணீர் ஊற்றியபோது எல்லாரும் சிரித்தோம். அவர் சரியான மரத்துக்குத்தான் ஊற்றினார்."

மைக்கில் என் மூச்சு கேட்டது. யாரும் கைதட்டவில்லை, நல்லவேளை. ரூபி தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சியம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. மகிழத்துக்கு ஒரு செம்பு ஊற்றினாள். வாளியில் மொண்டு இன்னொரு செம்பும் ஊற்றினாள். பிறகு அடுத்த கல்லுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

அதன் பிறகு என்னோடு பேசவில்லை. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் வலிக்கிறது.

பிப்ரவரி 28, சனி

காலையில் துறைக்கே வந்தாள். உள்ளே வரவில்லை, கதவருகே நின்றாள்.

"அந்தக் காயிதம் இருக்கா டீச்சர்?"

இருக்கிறது என்றேன்.

"எனக்குத் தாரியளா? அப்பா எழுத்து எங்க வீட்ல ஒண்ணுகூடக் கிடையாது."

டைரியோடு கைப்பையில்தான் இருந்தது. எடுத்தேன். அவள் சேலையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். வெகு நேரம் ஆயிற்று.

"கேட்டுக்குப் போனதுக்கப்புறம் அப்பா எதுலயும் எழுதல டீச்சர். வருகைப் புத்தகத்துலயும் கைநாட்டுதான். நாலாங் கிளாசு படிச்ச ஆளு ஏன் கைநாட்டு வைக்கியன்னு அம்மா திட்டும். 'எழுதிக் குடுத்தேன், படிச்சுட்டு மடிச்சு வச்சிட்டாவ'ன்னு சொல்லுவாவ."

"படிச்சது நான்னு அவருக்குத் தெரியுமா?"

"உங்க கையிலதானே குடுத்தாவ." காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "யாரு அதுன்னு நாங்க எத்தனையோ வாட்டி கேட்டிருக்கோம். புதுசா வேலைக்கு வந்த பிள்ளை, விட்டுருன்னு மட்டும் சொன்னாவ. பேரச் சொல்லவே இல்ல."

அவள் போய்விட்டாள். சற்று நேரத்தில் முற்றத்தில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. புதுப் புல்லுக்கு இரண்டு வேளை தண்ணீர் வேண்டும்.